பஸ் மாத்திரை

வயிற்றில் கிருமி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். மெல்லச் சிரிக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். தொண்டை மரத்துப்போக அடித்த மருந்து இன்னும் விட்டிருக்கவில்லை, அதனால் சிரிப்பு பாதி இருமலாக வந்தது. பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் பயந்துபோய், "ஏம்மே, தலைக்கு ஏதாச்சும் ஏறிடுச்சா?" என்றார். கிருமி என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை ஓசூரிலேயே அந்த டாக்டரம்மா பார்த்திருக்க மாட்டார். ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டுமானால் பஸ் மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு ஊர் உத்தனப்பள்ளி. ஓசூரில் வண்டிகளுக்கு இரும்புச் சாமான் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. மிஷினில் கடைந்து வரும் ஒவ்வொரு சாமானையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை டிரேயிலும் இல்லாவிட்டால் சிவப்பு டிரேயிலும் போட வேண்டும். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்து பத்துக்கு எங்கள் ஸ்டாப்புக்கு வந்துவிடும். அங்கே ஏறுகிறவர்கள் நாங்கள் எட்டுப் பெண்கள். கேன்டீனில் டிபன் கிடைக்க எட்டு மணி ஆகிவிடும்.

இந்த எட்டுப் பேரில் வயிறு ஒழுங்காக இருந்தவள் ஒருத்தியும் இல்லை. ஒருத்திக்கு நெஞ்செரிச்சல், ஒருத்திக்கு ஏப்பம், இன்னொருத்திக்குச் சாப்பிட்டதும் வயிறு தவில் மாதிரி உப்பிக்கொள்ளும். எங்களில் மூத்தவர் ஒரு அக்கா, வீட்டில் கன்னடம் பேசுகிறவர். பல வருஷத்துக்கு முன்பு அவருக்கு ஏதோ ஒரு டாக்டர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டிய மாத்திரை. அக்கா அதைப் பஸ் ஸ்டாப்பிலேயே போட்டுக்கொள்வார். ஒரு நாள் எனக்கும் ஒன்று கொடுத்தார். எரிச்சல் அடங்கியது. அப்புறம் அடுத்தவளுக்கு, அதற்கடுத்தவளுக்கு. ஒரு வருஷத்தில் அது எங்கள் ஸ்டாப்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒருத்தி மெடிக்கலில் அட்டை வாங்கி வர வேண்டும். பஸ்ஸின் விளக்கு திருப்பத்தில் தெரிந்ததும் அட்டை ஒரு கை மாறும், தண்ணீர் பாட்டில் இன்னொரு கை மாறும், எட்டுப் பேரும் அண்ணாந்து விழுங்குவோம். டிரைவர் அண்ணன், "பிரசாதம் ஆச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறப்பார்.

அதற்குப் பெயர் பஸ் மாத்திரை. அட்டையில் இருந்த பெயரை நாங்கள் யாரும் படித்ததே இல்லை.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. எரிச்சல் அடங்கும், மறுபடி வரும். போன வருஷம் அது வேறு மாதிரி ஆனது. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். மேல் வயிற்றில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல ஒரு வலி. ஒரு நாள் வீட்டில் களி கிண்டியிருந்தேன். உருண்டையில் பாதியைப் பிட்டு ஒதுக்கிவிட்டு எழுந்தேன். தட்டைக் கழுவப் போனபோதுதான் அந்தப் பாதிக் களியைக் கவனித்தேன்.

என் அப்பா அப்படித்தான் ஒதுக்குவார். தக்காளியும் கோசும் போடுகிற சம்சாரி அவர். விடிந்ததும் இரண்டு பெரிய களி உருண்டையைச் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிற மனிதர், முதலில் ஒன்றரை ஆனார், அப்புறம் ஒன்று, அப்புறம் பாதி. "கேஸு, வேறொண்ணும் இல்ல" என்பார். சோடா குடிப்பார், ஓமத்தண்ணி குடிப்பார், ராயக்கோட்டையில் ஒரு மெடிக்கலில் ஏதோ பொடி வாங்கிப் போட்டுக்கொள்வார். வருஷக்கணக்காக அதே கேஸ். கடைசியில் பெங்களூருக்குக் கூட்டிப்போய்க் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் பார்த்தது நாலே மாதம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவர் போன அன்றைக்கு மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம்கூட வீட்டில் இல்லை. ஓட்டர் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கினோம். மூக்கும் கண்ணும் புள்ளி புள்ளியாகக் கலைந்து யாரோ ஒருத்தர் மாதிரி இருந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

ஆக, பாதிக் களியைப் பார்த்ததுமே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. எனக்கும் அதுதான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் முதலுதவி அறையில் இருக்கும் சிஸ்டர்தான் நான் அடிக்கடி வயிற்றுக்கு மருந்து கேட்டு வருவதைப் பார்த்துவிட்டு, "இனிமே உனக்கு ஒரு மூடி மருந்துகூட ஊத்த மாட்டேன். மொதல்ல போய் வயித்து டாக்டரைப் பாரு" என்று திட்டி அனுப்பினார்.

ஓசூரில் அந்த டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கேமரா போட்டுப் பார்த்துடலாம்மா" என்றார். கேமரா என்றால் தொண்டை வழியாக விடுகிற அந்தக் குழாய்தான். அப்பாவுக்கும் அதைத்தான் விட்டார்கள், அதற்கப்புறம்தான் எல்லாம் முடிந்தது. குழாய்தான் ஆளைக் கொன்றது என்பது போல எனக்குள் ஒரு முட்டாள்தனமான நினைப்பு. மாட்டவே மாட்டேன் என்றேன். வேறு ஏதாவது டெஸ்ட் எடுங்கள் என்று சண்டை போடாத குறையாகக் கேட்டேன்.

டாக்டரம்மாவுக்குப் பொறுமை அதிகம். "இவ்வளவு வருஷமா அஜீரணம்னு வர்றவங்கள்ல நெறைய பேருக்கு வயித்துல ஒரு கிருமி இருக்கும்மா. சின்ன வயசுலயே தண்ணியில, சாப்பாட்டுல, கூடப் பொழங்குறவங்ககிட்ட இருந்து ஒட்டிக்கும். பல பேருக்கு அது ஒண்ணுமே பண்ணாது. சில பேருக்குப் புண்ணாக்கும். ஊதிப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதை மொதல்ல பாக்கலாம். ஆனா இன்னையில இருந்து ரெண்டு வாரம் வயித்து மாத்திரை எதுவும் போடக் கூடாது. போட்டா கிருமி பதுங்கிக்கும், டெஸ்ட்ல தெரியாது" என்றார். அதற்கு முன்னால் வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை ஒரு கவரில் கொண்டுபோயிருந்தேன். அவற்றைக் காட்டி, "இதெல்லாம் நிறுத்திடணும்" என்றார். "சரிங்க மேடம்" என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கவரை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, நானே கேட்டாலும் தராதீர்கள் என்றேன். அவ்வளவு கறார். மறுநாள் விடியற்காலை பஸ் ஸ்டாப்புக்குப் போய், அட்டை கை மாறி வந்ததும், வழக்கம்போலப் பஸ் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

பதினாலு நாளும் போட்டேன். ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. பல் தேய்ப்பதை யாராவது மருந்து என்று நினைப்பார்களா? அது பஸ் ஏறுவதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். கழுத்தில் ஐடி கார்டு, பையில் டிபன் டப்பா, வாயில் பஸ் மாத்திரை.

டெஸ்டில் ஏதோ ஒரு தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். குடிப்பதற்கு முன்னால் ஒரு பையிலும், குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பையிலும் ஊதினேன். முடிவு வந்தது. கிருமி இல்லை.

வேறு யாராவது இருந்தால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பார்கள். எனக்குப் பயம்தான் கூடியது. கிருமி இல்லையென்றால் வேறு என்ன? டாக்டரம்மாவும், "இனிமே கேமரா போட்டுத்தான் ஆகணும்மா" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தீர்ப்பு சொன்னது போல இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள்.

அந்தப் பத்து நாளில் நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸில் ஏறாமல் ஓசூரிலேயே இருந்துகொண்டேன். பையில் மறைத்துக் கொண்டுபோன மாம்பழக் கலர் பட்டுப் புடவையைக் கம்பெனி பாத்ரூமிலேயே உடுத்திக்கொண்டேன். பூ வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார்ந்தேன். படம் எடுக்கிறவர், "எதுக்கும்மா படம்? பாஸ்போர்ட்டுக்கா?" என்று கேட்டார். "வீட்டுல மாட்ட" என்றேன். கொஞ்சம் சிரிங்க என்றார். சிரித்தேன். என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். புள்ளி புள்ளியாகக் கலைந்துபோன ஒரு முகத்துக்கு அவள் மாலை போடக் கூடாது என்று மட்டும்தான் எனக்கு அப்போது தோன்றியது. பெரிய படத்தையும் அதோடு கொடுத்த சின்னப் பிரதியையும் கொண்டுவந்து பட்டுப் புடவை மடிப்புக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

குறித்த நாள் வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிப்போவதாக இருந்தது. பஸ்ஸுக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? ஐந்து பத்துக்கெல்லாம் முழித்து உட்கார்ந்திருந்தவள், கைப்பையில் இருந்த அட்டையைப் பிரித்து ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் அட்டை வாங்கும் முறை என்னுடையது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"தண்ணி?"

"ஒரே ஒரு வாய். பஸ் மாத்திரை போட."

"அது என்ன மாத்திரை?"

"பஸ்ஸுக்குப் போடறது."

"வாந்தி வருமா பஸ்ல?"

"அதெல்லாம் இல்ல. நாங்க தெனமும் போடறதுதான்." அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் திருப்பிப் படித்தாள். படித்துவிட்டு அட்டையோடு உள்ளே போனாள். டாக்டரம்மாவே எழுந்து வந்துவிட்டார்.

"எவ்வளவு நாளா போடறீங்க இதை?"

"ஆறு வருஷமா மேடம்."

"ஊதுற டெஸ்ட் எடுத்த அந்த ரெண்டு வாரமும்?"

"அதை நிறுத்தச் சொல்லலீங்களே. அந்தக் கவர்ல இருந்ததைத்தான்..." என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"ரெண்டும் ஒரே மாத்திரைம்மா. கம்பெனி வேற, கலர் வேற. அவ்வளவுதான்." டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. வெட்கத்துக்குக் காரணம் வேறு. என் வேலையில் முதல் பாடமே அதுதான். மிஷினிலிருந்து வரும் சாமான் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். அளவு பார்ப்பதற்கு முன்னால் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அளந்தால் எண்ணெயின் தடிப்பும் சேர்ந்து தப்பான அளவு காட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இந்த ஒரு விஷயத்துக்காக நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பதைக் கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்படிப்பட்டவள் என் வயிற்றைத் துடைக்காமலே அளக்கக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்குக் கேமரா போடவில்லை. இன்னும் இரண்டு வாரம் எந்த மாத்திரையும் இல்லாமல் இருந்துவிட்டு வாருங்கள், அப்போதுதான் எடுக்கும் சாம்பிள் உண்மையைச் சொல்லும் என்றார். மறுநாளே பஸ் ஸ்டாப்பில் விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் நல்லதுக்குத்தானே குடுத்தேன்? நானா உன் டெஸ்டைக் கெடுத்தேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் நான் வலியில் ஸ்டாப்பிலேயே குந்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "ஏனூ ஆகல்ல, பயப்படாதே. ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த இரண்டு வாரம் நான் பட்ட எரிச்சலை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. நெஞ்சிலிருந்து தொண்டை வரைக்கும் மிளகாய் அரைத்துப் பூசினது போல இருந்தது. ஆனாலும் போடவில்லை. என் மேலேயே எனக்கிருந்த கோபம்தான் என்னைக் காப்பாற்றியது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. தொண்டையில் கசப்பாக ஒரு மருந்து அடித்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள். குழாய் இறங்கியதும் குமட்டியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூக்கால மூச்சு விடுங்கக்கா, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு சாமானை அளக்க நான் எடுத்துக்கொள்கிற நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் ஆகியிருக்கும். எனக்கு யுகமாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தேன். பெங்களூரில் அன்றைக்கு அந்த டாக்டர் எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல்தான் பேசினார். இவர் நேராக என்னைப் பார்த்தார்.

"கட்டி எதுவும் இல்லம்மா. வயித்துச் சுவர் நல்லா செவந்து வீங்கியிருக்கு, சின்னதா ரெண்டு புண்ணு இருக்கு. லேபுக்கும் சதை அனுப்பியிருக்கேன். ஆனா நான் பாத்த வரைக்கும் பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல."

அப்புறம் மேஜைமேல் இருந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டைக் காட்டினார். அதில் பொட்டு அளவுக்கு மஞ்சளாக ஏதோ இருந்தது. என் வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கை அதில் வைத்திருந்தார்கள். கிருமி இருந்தால் நிறம் மாறும் என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழ்க்கை முழுக்க நிறத்தைப் பார்த்துப் பாஸ், ரிஜக்ட் சொன்னவள் நான். மஞ்சளின் ஓரத்தில் முதலில் லேசாக ஒரு சிவப்பு. கொஞ்ச நேரத்தில் பொட்டு முழுவதும் வாடாமல்லி நிறமாகிவிட்டது.

"கிருமி இருக்கு" என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் சிரித்தேன். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனால் வேறு என்ன செய்வது? சாகப்போவதில்லை என்று தெரிந்ததும் மனுஷர்கள் அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அழுகை அப்புறம் வந்தது, அப்பாவை நினைத்து. "எங்கப்பாவுக்கும் இதுதான் ஆரம்பமா இருந்திருக்குமா மேடம்?" என்று கேட்டேன். "இருந்திருக்கலாம். இந்தக் கிருமி ரொம்ப வருஷம் இருந்தா சில பேருக்கு அங்க கொண்டுபோய் விடும். அவருக்கு அப்பிடித்தான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சு, அதைப் பாருங்க" என்றார். அப்பாவை யாரும் ஊதச் சொல்லவில்லை. சோடாதான் வாங்கிக் கொடுத்தோம். அந்த வருத்தம் எனக்குப் போகாது.

லேப் முடிவும் ஒரு வாரத்தில் நல்லபடியாக வந்தது. பதினாலு நாள் மாத்திரை. வேளைக்கு ஒரு கை நிறைய. வாயெல்லாம் இரும்பு நாற்றம், காபி குடித்தால்கூட ஸ்பேனரை நக்கினது போல. ஒரு வேளைகூட விடவில்லை. மருந்து முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, இந்த முறை நிஜமாகவே ஒரு மாத்திரையும் போடாமல் இரண்டு வாரம் இருந்துவிட்டு, மறுபடி ஊதினேன். கிருமி இல்லை. அதே இரண்டு வார்த்தை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து களி கிண்டி, கீரைச்சாறு ஊற்றி, ஒரு முழு உருண்டை சாப்பிட்டேன். தட்டில் ஒட்டியிருந்ததையும் வழித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் இப்போது அட்டை கை மாறுவதில்லை. எங்களில் ஐந்து பேர் டாக்டரைப் பார்த்தார்கள். மூன்று பேருக்குக் கிருமி இருந்தது. அக்காவுக்கு இல்லை. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவருக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிற இரண்டு டம்ளர் காபிதான் கோளாறு. இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. டிரைவர் அண்ணன்தான், "என்னம்மா, பிரசாதத்தை நிறுத்திட்டீங்க" என்று குறைபட்டுக்கொண்டார்.

போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் புது ஐடி கார்டு போட்டார்கள். புதுப் படம் கேட்டார்கள். பீரோவைத் திறந்து பட்டுப் புடவை மடிப்பிலிருந்து அதை எடுத்தேன். வீட்டுக்காரர் அப்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்தார். எப்போது எடுத்தது, எதற்கு எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து சுவரில் இருக்கும் அப்பாவின் படத்தைப் பார்த்தார். அப்புறம் அவரே கத்தரிக்கோலை எடுத்து, சின்னப் பிரதியைக் கார்டு அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்.

செக்யூரிட்டி முதல் நாள் கார்டைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி பட்டு கட்டிகினு இருக்கீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கழுத்தில் மாலை விழுவதற்காக எடுத்த படம், இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. தினமும் காலையில் அதைக் கேட்டில் காட்டிவிட்டு உள்ளே போய், துணியை எடுத்து, முதல் சாமானைத் துடைத்து அளக்கிறேன்.